மருந்துப் புட்டியைத் திருப்பிப் பாருங்கள்!

ஆனி, ஆடி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் கோயமுத்தூரையே சிலுசிலுக்க வைத்துவிடும். வெளியூரிலிருந்து வரும் ஒறம்பரைகள், "அடடா, என்ன சுகமான காற்று!" என்று மெச்சிவிட்டு ரயிலேறிப் போய்விடுவார்கள். அந்தக் காற்றுக்குப் பின்னால் வரிசை கட்டி வருகிற தும்மலும் மூக்கொழுகலும் வீட்டுக்காரிக்கல்லவா தெரியும்! காற்று ஓய்ந்தால் ஐப்பசி மழை; மழை ஓய்ந்தால் மார்கழிப் பனி. ஆக, வருஷத்தில் பாதி நாள் வீட்டில் யாராவது ஒருவர் இருமிக்கொண்டுதான் இருப்பார்.

இதனால்தான் நம் வீடுகளில் அஞ்சறைப் பெட்டிக்குத் துணையாக இன்னொரு பெட்டியும் இருக்கிறது. ஒரு பழைய பிஸ்கட் டப்பா; இல்லாவிட்டால் பிரிட்ஜ் கதவின் மேல் தட்டு. கால் புட்டி, அரைப் புட்டி என்று மூடி ஒட்டிக்கொண்ட இருமல் மருந்துகள்; பாதி கத்தரித்த மாத்திரை அட்டைகள். யாருக்கு, எப்போது, எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது. "போன தடவை எனக்கு இதுதான் நல்லாக் கேட்டுச்சு. நீயும் ஒரு மூடி குடிச்சுப் பாரு கண்ணு" என்று வாஞ்சையோடு எடுத்து நீட்டுவோம். காபிக்குச் சர்க்கரை கடன் கொடுப்பது போல அடுத்த வீட்டுக்கும் புட்டி போய் வரும்.

அன்பில் ஒரு குறையும் இல்லை, சகோதரிகளே! ஆனால் சளிக்கும் இருமலுக்கும் கொடுக்கிற கூட்டு மருந்து என்பது சுக்குக் கஷாயம் இல்லை. ஒரு புட்டிக்குள் மூன்று, நான்கு மருந்துகள் சேர்ந்து குடியிருக்கின்றன. ஒருவருக்குக் கேட்ட அதே புட்டி இன்னொருவரை ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ப் படுக்க வைத்துவிடும். அதை எங்கள் குடும்பத்திலேயே பார்த்தோம்.

நள்ளிரவில் வந்த போன்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் இருக்கிறார் என் மச்சாண்டார் - வீட்டுக்காரரின் அண்ணன். வயது 72. தோப்புக்குள் இன்னமும் நாள் முழுக்க நடக்கிற உடம்பு. பிராஸ்டேட் சுரப்பி கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். மற்றபடி திடகாத்திரமான ஆள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவருக்கு மூக்கடைத்துக்கொண்டது. "இதுக்குப் போயி டாக்டரா?" என்று பக்கத்து ஊர்க் கடையில் சொல்லி, சளி மாத்திரை வாங்கி வேளைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "ஒன்னுக்கே போக மாட்டீங்குதாமா. வயிறு கல்லாட்டம் இருக்குது. மனுசன் துடிக்கறாரு" என்று அழுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

அங்கே இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "ரெண்டு நாளா புதுசா என்ன மருந்து சாப்பிட்டாருங்க?" என்பதுதான். நல்லவேளையாக அக்கா அந்த மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். டாக்டர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். பாராசிட்டமால், குளோர்பெனிரமைன், பினைல்எஃப்ரின். "முதல்ல இருக்கறது காய்ச்சலுக்கு. அது பரவாயில்லைங்க. அடுத்த ரெண்டும் பெரியவருக்கு ஆகாது. ஒன்னு மூத்திரப் பையைச் சுருங்க விடாது. இன்னொன்னு பையோட வாயை இறுக்கிப் பிடிக்கும். ஏற்கெனவே அங்கே அடைப்பு இருக்குது. பின்னே எப்படிங்க போகும்?" என்றார்.

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அழகான ஒரு பெயர். விஷயமெல்லாம் பின்பக்கத்துப் பொடி எழுத்தில்! அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு எந்தச் சளி மருந்து வந்தாலும், என் வீட்டுக்காரரின் பூதக்கண்ணாடியை வாங்கிப் புட்டியைத் திருப்பிப் பார்ப்பது என் வேலையாகிவிட்டது. "மளிகைச் சீட்டு சரி பாக்கற மாதிரியில்ல பாக்கறே!" என்று அவர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும்.

கூட்டுக்குள் யார் யார்?

பெயர்கள் வாயில் நுழையாது என்று பயப்பட வேண்டாம். மாற்றி மாற்றி வருவது ஒரு சில பேர்தான். பழகிவிட்டால் உறவுக்காரர் முகம் மாதிரி சட்டென்று தெரிந்துவிடும்.

பாராசிட்டமால் - காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும். குளோர்பெனிரமைன் - மூக்கொழுகலையும் தும்மலையும் அடக்கும். கூடவே தூக்கத்தையும் கொண்டு வரும். வாய் உலரும். பினைல்எஃப்ரின் - மூக்கடைப்புக்கு என்று சேர்ப்பது. ரத்தக் கொதிப்பை ஏற்றக்கூடியது. இன்னொரு சங்கதி. வாய்வழியாகச் சாப்பிடும் பினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்குப் பலனளிப்பதாகத் தெரியவில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துத் துறையின் நிபுணர் குழு சொல்லிவிட்டது. கடைச் சரக்கிலிருந்து இதை நீக்கலாம் என்று 2024 நவம்பரில் அந்தத் துறையே யோசனை வெளியிட்டது.

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் - வறட்டு இருமலை அடக்குவது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. அம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின், குவைஃபெனெசின் - கெட்டிச் சளியை இளக்குவதற்கு. சால்புட்டமால், டெர்புட்டலின் - மூச்சுக்குழாயை விரிப்பதற்கு. சிலருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கோடீன் - அபின் வம்சத்து மருந்து. பழகினால் விடாது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ஆகாது. இதை டாக்டர் சீட்டுக்குத்தான் விற்கலாம். கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதியும் வைக்க வேண்டும்.

ஒரு மருந்து சளியை இளக்கி, "இருமி வெளியே தள்ளு" என்கிறது. இன்னொன்று, "இருமாதே, சும்மா கிட" என்கிறது. இரண்டும் ஒரே புட்டியில் இருந்தால் உடம்பு யார் பேச்சைக் கேட்கும்? அப்படியும் புட்டிகள் உண்டு! டாக்டர் பார்த்து, இது வறட்டு இருமலா, சளி இருமலா, மூச்சிரைப்பா என்று தெரிந்துகொண்டு எழுதுவதற்கும், நாமே டப்பாவில் துழாவி எடுப்பதற்கும் இதுதான் வித்தியாசம்.

ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு, தைராய்டு, கண் அழுத்த நோய், பிராஸ்டேட் வீக்கம், ஈரல் கோளாறு - இவற்றில் ஏதாவது இருந்தால் சளி மருந்து வாங்கும் முன்பே டாக்டரிடமோ மருந்துக் கடையில் இருக்கும் பார்மசிஸ்டிடமோ வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிகளும் அப்படியே. நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு சின்னக் கணக்கு

இன்னொரு ஆபத்து, ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுவது. காய்ச்சலுக்கு என்று 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை நாளைக்கு நான்கு வேளை போடுகிறோம். அது 2,600 ஆயிற்று. மூக்கடைப்புக்கு என்று தனியாக ஒரு சளி மாத்திரை, மூன்று வேளை. அதிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. அது 1,500. கூட்டிப் பாருங்கள்: 4,100! நல்ல ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000-க்கு மேல் போகக்கூடாது. ஒல்லியான உடம்பு, வயோதிகம், குடிப்பழக்கம், ஈரல் நோய் இருந்தால் அந்த எல்லை இன்னும் குறைவு. அளவு மிஞ்சிய பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் அதில் உள்ள பொல்லாத்தனம்.

தூக்க விஷயமும் இப்படித்தான். சளி மாத்திரையிலும் குளோர்பெனிரமைன், இருமல் சிரப்பிலும் அதுவே என்றால் இரட்டைத் தூக்கம். அதைக் குடித்துவிட்டு ஸ்கூட்டரில் அவினாசி ரோட்டில் போவது விளையாட்டா? ராத்திரி மது குடிக்கும் பழக்கமுள்ள ஆண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இருமல் மருந்து கொடுப்பதில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மயக்கம் அதிகமாகும்.

திங்கட்கிழமை இருமல்

இருமல் மருந்து என்றாலே எனக்கு என் அப்பா நினைவு வரும். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லைத் தொடங்கியதிலிருந்து பஞ்சுதான் எங்கள் ஊருக்குச் சோறு போட்டது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் மளமளவென்று பெருகின. அப்பாவும் மில்காரர்தான். கார்டிங்கில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவமெல்லாம் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கும்.

அப்பாவுக்கு ஓயாத இருமல். ஜன்னலில் எப்போதும் ஒரு இருமல் மருந்துப் புட்டி. குடித்தால் இருமல் கொஞ்சம் அடங்கும், கண் சொக்கும். அந்தச் சொக்கலோடு ராத்திரி ஷிப்டில் மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். அம்மாவுக்கு அதுதான் பயம். படிப்பறிவு இல்லாதவர் அம்மா. ஆனால் கண் கூர்மை. "ஏனுங்க, நாயித்துக்கெழமை வூட்ல இருந்தா உங்களுக்கு இருமலே காணோம். திங்கக்கெழமை வேலைக்குப் போயிட்டு வந்தா நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துக்கறீங்க. இது சளி இல்லீங்க" என்றார் ஒருநாள். அதையே டாக்டரிடமும் போய்ச் சொன்னார்.

டாக்டர் அசந்து போனாராம். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நெஞ்சு நோய்க்கு அதுதான் அடையாளம் - லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும். மருந்துப் புட்டியால் அது தீராது. தூசியிலிருந்து ஆளை நகர்த்த வேண்டும். டாக்டர் கடிதம் கொடுக்க, அப்பாவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஜன்னலில் அந்தப் புட்டி இல்லை.

இருமல் ஒரு நோய் அல்ல, காவல் நாய். அது குரைத்தால் வாசலில் யார் என்று போய்ப் பார்க்க வேண்டும். நாயின் வாயைக் கட்டிவிட்டால் திருடன் போய்விடுவானா? இன்றும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளிலும் நம் பெண்கள் எத்தனை பேர் தூசியில் வேலை செய்கிறார்கள்! அவர்களுக்கெல்லாம் என் அம்மாவின் கண் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சிரப்பை மாற்றிக்கொண்டே இருக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோயா என்று அங்கே இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள்.

பேரனுக்குப் பாதி மூடி

பெரியவர்கள் கதை இது. குழந்தைகள் விஷயம்தான் நம்மை உருக்கிவிடுவது.

2025 அக்டோபரில் ஒரு ராத்திரி, திருப்பூரிலிருந்து என் மகள் போன் செய்தாள். சின்னப் பேரனுக்கு மூன்று வயது. "அம்மா, பொழுதோட இருந்து இருமிட்டே இருக்கறான். தூங்கவே மாட்டீங்கறான். போன மாசம் பெரியவனுக்கு டாக்டர் குடுத்த சிரப்பு பாதி இருக்குது. இவனுக்குப் பாதி மூடி குடுக்கட்டுங்களா?" பின்னாலிருந்து குழந்தையின் இருமலும் அழுகையும் கேட்கிறது. பெரியவனுக்கு ஒன்பது வயது.

"புட்டியைத் திருப்பி, என்ன போட்டிருக்குதுன்னு படி சாமி" என்றேன். படித்தாள். குளோர்பெனிரமைன், பினைல்எஃப்ரின். கீழே இன்னும் பொடியாக ஒரு வரி: நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்த கலவைக்கு லேபிளில் இந்த எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் புட்டியைத் திருப்பச் சொன்னேன்.

"அப்படின்னா இவன் அழுகறானே, நான் என்னதான் பண்ணட்டும்?" என்றாள் மகள், குரல் உடைந்து. நியாயமான கேள்விதானே? மருந்து வேண்டாம் என்று சொல்வது சுலபம். இருமுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும்.

"முதல்ல அவன் சட்டையைத் தூக்கு. அழுகை அடங்கட்டும். ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணு" என்றேன். 32 என்றாள். விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழவில்லை. தண்ணீர் குடிக்கிறான். சாயங்காலம் சிறுநீர் போயிருக்கிறான். உதடு சிவப்பாகத்தான் இருக்கிறது. சரி, ராத்திரியைக் கடத்தலாம். வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் தேன். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு. தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஒரு நடை. மாயமந்திரம் ஒன்றும் நடக்கவில்லை, சகோதரிகளே. இரண்டு மணி வரை இருமித்தான் தூங்கினான். காலையில் டாக்டரிடம் காட்டினாள். "வெறும் சளிதான். அஞ்சாறு நாள் இருக்கும், தானாப் போயிரும்" என்று சொல்லிவிட்டார். மருந்தே எழுதவில்லை.

மகளுக்கு அதில் கொஞ்சம் குறைதான். "பீஸ் வாங்கிட்டு ஒரு சிரப்புக்கூட எழுதலீங்க" என்றாள். சிரப் எழுதாத டாக்டரைக் கெட்டிக்காரர் இல்லை என்று நினைக்கும் வழக்கம் நமக்கு எப்போது போகுமோ!

படித்தாலும் தெரியாத விஷம்

அதே சமயத்தில்தான் நாட்டையே உலுக்கிய அந்தச் செய்தி வந்தது. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டம். சாதாரணச் சளி, காய்ச்சல் என்று சிரப் குடித்த பச்சைக் குழந்தைகளுக்குச் சில நாளில் சிறுநீர் நின்றுபோயிற்று. சிறுநீரகம் செயலிழந்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். மருந்தின் பெயர் 'கோல்ட்ரிஃப்'. அது எங்கேயோ தயாரான மருந்தில்லை. நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த 'ஸ்ரேசன்' என்ற கம்பெனியில் தயாரானது. பாராசிட்டமால், குளோர்பெனிரமைன், பினைல்எஃப்ரின் மூன்றும் சேர்ந்த அதே கூட்டு.

தமிழக அரசு 2025 அக்டோபர் 1-ந் தேதி அதன் விற்பனையைத் தடை செய்தது. சென்னை அரசு ஆய்வகத்தில் சோதித்தபோது அந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. இருக்கலாம் என்று அனுமதிக்கும் எல்லையே 0.1 சதவீதம்தான்! கம்பெனி முதலாளி கைதானார், லைசென்சும் ரத்தாயிற்று. போன குழந்தைகள் திரும்பி வருவார்களா?

டைஎத்திலீன் கிளைக்கால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் திரவம். சிரப்பில் மருந்தைக் கரைக்கவும் கெட்டியாக, இனிப்பாக இருக்கவும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். மருந்துக்கு உரிய சுத்தமான சரக்கை வாங்காமல், மலிவான தொழிற்சாலைச் சரக்கை வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் இந்த விஷம் உள்ளே வந்துவிடும். இதுவும் இனிக்கும், அதனால் நாக்குக்குத் தெரியாது. லேபிளிலும் இராது.

இது புதிய கதையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைத்த ஒரு மருந்தால் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகே, 1938-ல், மருந்தைச் சோதித்து விற்க வேண்டும் என்ற கடுமையான சட்டம் அங்கே வந்தது. 1972-ல் நம் சென்னையிலேயே இந்த விஷத்துக்குக் குழந்தைகள் பலியானார்கள். 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் உத்தேசமாக 70 குழந்தைகள் இறந்தபோது, அரியானாவில் தயாரான சிரப்புகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது.

சிந்த்வாராவில் அந்தத் தாய்மார்கள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பலரும் டாக்டர் எழுதியதைத்தான் வாங்கிக் கொடுத்தார்கள். விஷத்தைப் பிடிக்க வேண்டியது கம்பெனியும் அரசாங்கமும். வீட்டுப் பெண்ணால் ஸ்பூனில் ஊற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நம் கையில் ஒன்று இருக்கிறது: தேவையில்லாத ஸ்பூனைத் தவிர்ப்பது. பத்து சளியில் ஒன்பது தானாகவே போய்விடுகிறது என்னும்போது, அந்த ஒன்பது தடவையும் எதற்காக ஒரு குழந்தை சிரப் குடிக்க வேண்டும்? 2025 அக்டோபர் 3-ந் தேதி மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககமும் இதையே சொல்லிற்று: 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது; 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகச் சிபாரிசு இல்லை; அதற்கு மேலும் டாக்டர் நன்றாகப் பரிசோதித்த பிறகே.

கைவைத்தியத்திலும் கவனம்

"அப்ப நம்ம பாட்டி வைத்தியமே மேல்!" என்று சொல்வது கேட்கிறது. சுக்கு மல்லிக் காபியும் மிளகு ரசமும் பெரியவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் நரம்பைத் தாக்கும். கொதிக்கிற குண்டாவில் குழந்தைக்கு ஆவி பிடிக்க வேண்டாம். தட்டிவிட்டால் சளிக்குப் பதில் தீப்புண்ணுக்கு ஓட வேண்டிவரும். கற்பூரம் கலந்த தைலத்தைச் சிசுவின் மூக்கருகே தடவுவதும் ஆகாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்.

டாக்டரிடம் உடனே ஓட வேண்டிய அடையாளங்களைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு மூச்சு - 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60-ம் அதற்கு மேலும். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் மேலும். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் மேலும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே பள்ளம் விழுவது, பால் குடிக்காதது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, உதடு நீலம் பாய்வது - இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

மருந்து வேண்டியிருந்தால்

டாக்டர் பார்த்து, மருந்து தேவைதான் என்று எழுதினால் பயந்து ஒதுக்கவும் வேண்டாம். முறையாகக் கொடுங்கள்.

1. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. நேற்றைய சீட்டு இன்றைய இருமலுக்குச் செல்லாது.

2. டாக்டரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடுகிற எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சித்த, ஆயுர்வேத மருந்தையும் மறைக்க வேண்டாம்.

3. அளவுக்குப் புட்டியோடு வரும் மூடியோ, ஊசியில்லாத சிரிஞ்சோதான் சரி. ஒரு டீஸ்பூன் என்றால் 5 மில்லி. நம் வீட்டு ஸ்பூனும் பாலாடையும் ஒன்றைப் போல் ஒன்று இராது.

4. குழந்தைகளுக்கான பாராசிட்டமாலில் 'டிராப்ஸ்' வேறு, 'சிரப்' வேறு. டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125 இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. சிரப் அளவில் டிராப்ஸை ஊற்றிவிட்டால் நான்கு மடங்கு வரை ஆகிவிடும்! குழந்தையின் எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

5. கடையில் பில் கேட்டு வாங்குங்கள். மருந்து தீரும் வரை பில்லும் புட்டியும் இருக்கட்டும். மருந்து குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ அந்தப் புட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாட்ச் நம்பர் அதில்தான் இருக்கிறது.

6. "மிட்டாய் மாதிரி இருக்கும்" என்று ஆசை காட்டி மருந்து கொடுக்காதீர்கள். அப்புறம் நாம் இல்லாத நேரத்தில் மிட்டாயைத் தேடிப் போய்விடும் குழந்தை!

இந்த வாரம் ஒரு மத்தியானம் ஒதுக்கி, அந்த பிஸ்கட் டப்பாவைக் கீழே இறக்குங்கள். காலாவதியானது, யாருக்கென்று தெரியாதது, பேரே அழிந்துபோனது எல்லாவற்றையும் தனியே எடுங்கள். மருந்தைக் காபித்தூள் சக்கையிலோ மண்ணிலோ ஊற்றிப் பொதிந்து குப்பையில் போட்டு, புட்டியின் லேபிளைக் கிழித்துவிடுங்கள். அடுத்த முறை கடையில் யாராவது ஒரு புட்டியை நீட்டினால், பணம் எடுக்குமுன், "ஏனுங்க, இதுல என்னென்ன கலந்திருக்குது? எத்தனை வயசுக்குக் குடுக்கலாம்?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் நமக்கு வேறு கடையா இல்லை?